காக்காப்பொன்னும் குருந்தமும்

விருத்தாசலம் என்றதும் பழமலைநாதர் கோயிலும் மணிமுத்தாறும் நினைவுக்கு வரும். இலக்கிய வாசகருக்குக் கூடவே புதுமைப்பித்தனின் இயற்பெயரும். அவ்வூருக்குப் பீங்கான் நகரம் என்றொரு முகமும் உண்டு. பக்கத்து நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரியோடு கிடைத்த வெண்களிமண் அத்தொழிலுக்குத் துணைநின்றது. பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசுப் பயிலகமும் அங்கே இருக்கிறது. நம் வீட்டு மின்பலகைகளில் ஃபியூஸ் கம்பியைத் தாங்கி நின்ற வெள்ளைக் கட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். மின்சாரத்தைத் தடுக்க வேண்டும், சூட்டில் உருகக் கூடாது. அதன் வேலை அவ்வளவுதான். அதே வேலையை ஒரு மோட்டார் எஞ்சினுக்குள் செய்யும்போது, சுட்ட மண் என்ன பாடுபடும் என்பதிலிருந்து நிலவேகச் சாதனைகளின் வரலாற்றை வேறொரு கோணத்தில் படிக்கலாம்.

அவ்வரலாற்றைப் பெரும்பாலும் எஞ்சின்களின் பருமனை வைத்தே எழுதுகிறார்கள். விமானத்துக்கென வார்த்த எஞ்சினை எடுத்து, நான்கு சக்கரங்களின் மேல் வைத்து, காற்று வழுக்கிச் செல்லும்படி மீனுடலைப் போன்ற கூடு போர்த்தினால் அது ஸ்ட்ரீம்லைனர். பருமனைச் சொல்வது எளிது, படிக்கவும் சுவையானது. ஆனால் எத்தனை லிட்டர் எஞ்சினாயினும், விரல் நீளப் பிளக் ஒன்றில் பொறி எழாவிட்டால் அந்த சிலிண்டர் வெறும் சுமைதான். பிளக்கின் நடுக்கம்பியில் பல்லாயிரம் வோல்ட் அழுத்தம் பாய்கிறது. நுனிக்கு எதிரே ஈராயிரம் டிகிரியைத் தாண்டிய தீ. இரண்டுக்கும் நடுவே நிற்கும் காப்புப்பொருளின் மூக்கு ஏறத்தாழ 450 டிகிரிக்குக் கீழே போனால் கரி படியும்; 850 டிகிரியைத் தாண்டினால் பொறிக்கு முன்பே எரிபொருள் பற்றிக்கொள்ளும். தொடக்ககாலப் பீங்கான் இந்தத் திடீர்ச் சூட்டிலும் குளிர்ச்சியிலும் விரிசல் விட்டது.

இதைத் தன் பந்தயங்களில் அனுபவித்தவர் கெனெல்ம் லீ கின்னஸ். மதுவுக்குப் பெயர்போன அதே கின்னஸ் குடும்பம். பீங்கானைக் கைவிட்டு, மைக்காத் தகடுகளை அடுக்கி இறுக்கிப் பிளக் செய்தார். லண்டனுக்கு அருகே பட்னி வேலில், மூடிக்கிடந்த ஒரு பழைய மதுவிடுதியில் அவருடைய தொழிற்சாலை எழுந்தது. முதல் உலகப்போரின் விமானங்களில் கே.எல்.ஜி. பிளக்குகள் பறந்தன. மைக்காவுக்குத் தமிழில் அப்பிரகம் என்று பெயர். மக்கள் வாயில் காக்காப்பொன். அன்றைய உலகச் சந்தையின் தகட்டு மைக்காவில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்தே போயிற்று: பீகாரிலிருந்தும், அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூரிலிருந்தும்.

1922 மே 17 அன்று புரூக்லாண்ட்ஸ் பந்தயத்தளத்தில், 18 லிட்டர் விமான எஞ்சின் பொருத்திய சன்பீம் காரில் கின்னஸே மணிக்கு 133.75 மைல் ஓட்டிச் சாதனை படைத்தார். பந்தயத்தளம் ஒன்றில் நிகழ்ந்த கடைசி நிலவேகச் சாதனை அது; அதன்பின் அந்த வேகத்துக்குக் கடற்கரையும் உப்புப்படுகையும் தேவைப்பட்டன. 1924இல் ஸ்பெயினின் சான் செபாஸ்டியன் பந்தயத்தில் அவர் கார் கவிழ்ந்தது. உடனிருந்த மெக்கானிக் தாமஸ் பாரெட் இறந்தார். படுகாயமுற்ற கின்னஸின் பந்தய வாழ்வு அத்தோடு முடிந்தது. சாதனைப் பட்டியல்களில் ஓட்டியவர் பெயர் மட்டுமே இருக்கும். பாரெட்டுகளுக்கு அங்கே இடமில்லை.

கின்னஸ் ஓட்டுவதை விட்டார். வேகம் அவரை விடவில்லை. ஹென்றி சீக்ரேவின் கோல்டன் ஆரோ அவருடைய தொழிற்சாலையில்தான் உருவானது. ஏறத்தாழ 24 லிட்டர் நேப்பியர் லயன் எஞ்சின்; அதன் மூன்று சிலிண்டர் வரிசைகளின் மேடுபள்ளத்தையே பின்பற்றி வளைந்த முகப்பு. 1929 மார்ச் 11 அன்று டேடோனா கடற்கரையில் 231.45 மைல். ஒத்திகையும் சாதனையும் சேர்த்து அந்தக் கார் தன் வாழ்நாளில் ஓடியது இருபது மைல்கூட இல்லை. என் பார்வையில் ஸ்ட்ரீம்லைனர்களில் மிக அழகானது இதுதான்.

பிறகு பருமன் போட்டி. ஜார்ஜ் ஐஸ்டனின் தண்டர்போல்ட்டில் இரண்டு ரோல்ஸ்ராய்ஸ் எஞ்சின்கள், மொத்தம் 73 லிட்டர், 24 சிலிண்டர்கள், சிலிண்டருக்கு இரண்டாக 48 பிளக்குகள். 1938இல் அமெரிக்காவின் பான்வில் உப்புப்படுகையில் அதன் பளபளத்த அலுமினிய உடலை, உப்பின் வெண்மையிலிருந்து பிரித்தறிய முடியாமல் நேரங்காட்டும் ஒளிமின் கருவி தவறவிட்டது; பக்கங்களில் கறுப்பு தீட்டிய பிறகே கார் கருவியின் கண்ணில் பட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் 357.5 மைலை எட்டினார் ஐஸ்டன். ஜான் காப் 1947இல் இரட்டை லயன் எஞ்சின் பூட்டிய ரெயில்டன் காரில் 394.2 மைல் சென்றார்.

இந்த ஆண்டுகளுக்குள் காக்காப்பொன்னின் காலம் முடிந்துகொண்டிருந்தது. எஞ்சின் இடிக்காமலிருக்கப் பெட்ரோலில் கலந்த ஈயம் மைக்காவை அரித்தது. 1930களில் ஜெர்மனியின் சீமென்ஸ் நிறுவனம் அலுமினிய ஆக்சைடுத் தூளை உருக்காமல், 1600 டிகிரிக்கு மேல் சுட்டு இறுக்கிய ஒரு பீங்கானைக் கொண்டுவந்தது. பெயர் சின்டர்கோருண்ட். கே.எல்.ஜி.யும் பின்னாளில் தன் பிளக்குக்கு கோரண்டைட் என்று பெயரிட்டது. இரண்டு பெயர்களும் கோரண்டம் என்ற கனிமத்தைச் சுட்டுகின்றன. அச்சொல்லோ நம்முடைய குருந்தம். வைரத்துக்கு அடுத்த கடினமுள்ள அக்கல்லைச் சாணைபிடிக்கப் பயன்படுத்தியவர்களிடமிருந்து ஐரோப்பியர் கல்லையும் பெயரையும் சேர்த்தே பெற்றுக்கொண்டனர். 1798இல் சார்ல்ஸ் கிரெவில் லண்டன் ராயல் சொசைட்டியில் அதைப்பற்றிக் கட்டுரை வாசித்தார். காங்கேயத்துக்குப் பக்கத்துச் சிவன்மலைப் பாறைகளில் குருந்தம் இருப்பதை 1901இல் ஹாலந்து விரிவாக எழுதினார். முருகன் கோயிலுக்குப் படியேறுகிறவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்? கல்லையும் மைக்காவையும் சொல்லையும் கொடுத்த நாம் பிளக்கை நெடுங்காலம் இறக்குமதி செய்தோம் என்பதைப் பெருமைப் பட்டியலில் சேர்க்கத் தயக்கமாயிருக்கிறது.

1960களில் ஜெட் எஞ்சின் வந்தது. அதற்குப் பற்றவைக்கும்போது மட்டும் பொறி போதும். பிறகு தீ தானே நின்றெரியும். 1997இல் ஒலியின் வேகத்தைக் கடந்த திரஸ்ட் எஸ்எஸ்சி அந்த வழியில் வந்தது. ஆனால் சக்கரத்தை எஞ்சினே சுழற்ற வேண்டும் என்ற பிடிவாதக்காரர்கள் ஓயவில்லை. 1965இல் சம்மர்ஸ் சகோதரர்கள் நான்கு கிரைஸ்லர் எஞ்சின்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்த கோல்டன்ராடில் 409.277 மைல் சென்றனர். 2020இல் அதே பான்வில் உப்பில், ஒரேயொரு எட்டு சிலிண்டர் எஞ்சினுடன் ஜார்ஜ் பொட்டீட் ஓட்டிய ஸ்பீட் டீமன் 470 மைலைத் தொட்டது.