ஆப்பை மூடுறது யாரு வேலை?

வேலை முடிஞ்சதும் போனில் உள்ள ஆப்பையெல்லாம் விரலால் தள்ளி மூடுகிற ஆளா நீங்க? கணினியிலிருந்து வந்த பழக்கம் அது. போன் அந்த வேலையை நம்மிடம் விடவே இல்லை.

2008இல் வந்த முதல் ஆண்ட்ராய்டு போனான ஜி1இல் ரேம் 192 எம்பிதான். நாம் விட்டு வந்த ஆப் நினைவகத்திலேயே கிடக்கும். இடம் போதாவிட்டால், திரையில் இல்லாமல் சும்மா கிடப்பதை சிஸ்டமே முதலில் நிறுத்தும். ஐபோனில் வெளியார் ஆப்பை விட்டு வந்தாலே அது நின்றுவிடும். 2010இல் ஐஓஎஸ் 4தான் அதை அப்படியே உறையவைத்தது.

மூடினால் பேட்டரி மிஞ்சுமா? 2016இல் ஒரு வாடிக்கையாளர் கேட்டதற்கு, ஆப்பிளின் மென்பொருள் தலைவர் கிரெய்க் ஃபெடரிகி இல்லை என்றார். மூடியதைத் திரும்பத் திறந்தால் முதலிலிருந்து ஏற்றணும், செலவு அங்கேதான்.

ஆப் திணறி நின்னா மட்டும் தள்ளுங்க. மத்ததை போன் பாத்துக்கும்.