தரங்கம்பாடிக்குப் பிறகு: சீமெந்தின் வழியே ஒரு டேனிய உறவு

டென்மார்க்குக்கும் தமிழருக்குமான பழைய உறவைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் தரங்கம்பாடிக்குத்தான் போவார்கள். 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு செய்த உடன்படிக்கை, டான்ஸ்போர்க் கோட்டை, 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றது. விழா மலர்களில் படித்துச் சலித்த கதை. வீட்டுச் சுவர்களுக்குள்ளேயே வந்துவிட்ட இன்னொரு உறவை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை.

1882இல் கோப்பன்ஹேகனில் தொடங்கிய எஃப்.எல்.ஸ்மித் நிறுவனம் சீமெந்து ஆலை இயந்திரங்களால் உலகப் பெயர் பெற்றது. ஓல்போர்க்கின் சீமெந்து ஆலை 1889இல் பிறந்தது. அந்த நிறுவனத்தின் பொறியியலாளர் சோரன் கிறிஸ்டியன் டூப்ரோ 1934இல் கோயம்புத்தூருக்கு அருகே மதுக்கரை ஆலையில் இயந்திரங்களை நிறுவ வந்தார். அவரும் சக ஊழியர் ஹென்னிங் ஹோல்க்-லார்சனும் 1938இல் பம்பாயில் தொடங்கியதுதான் லார்சன் அண்ட் டூப்ரோ. இந்தியாவின் அந்தப் பெரும் நிறுவனத்துப் பெயரில் இரண்டு டேனியர் இருப்பது, டென்மார்க்கில் வளர்ந்த நம் பிள்ளைகளுக்கே புதிய செய்தியாக இருக்கும்.

அந்தக் காலத்தில் ஆலை ஆய்வுகூடம் என்றால் அமிலமும் பியூரெட்டும்தான். சுண்ணாம்பு எவ்வளவு, சிலிக்கா எவ்வளவு என்று இரசாயனம் சொல்லும். 1450 பாகைச் சூளையில் அவை சேர்ந்து என்ன கனிமங்களாயின என்று அது சொல்லாது. அரிசியும் உளுந்தும் எத்தனை சுண்டு என்று தெரிந்தால் மட்டும், அடுப்பிலிருந்து வருவது இட்டலியா தோசையா என்று தெரிந்துவிடுமா? 1929இல் அமெரிக்கர் போக் தந்த சூத்திரங்களைக் கொண்டு கனிம அளவுகளைக் கணக்கிட்டார்கள். அது மதிப்பீடு, நேரில் பார்த்ததல்ல. சீமெந்து சீக்கிரம் இறுகுமா, பல மாதங்கள் மெல்ல வலுப்பெறுமா என்பதோ அந்தக் கனிமங்களைப் பொறுத்தது.

பார்க்க வைத்தது எக்ஸ் கதிர். இலங்கைப் பாடநூல் இதைக் 'கோணல்' என்கிறது, தமிழ்நாட்டுப் பாடநூல் 'விளிம்பு விளைவு' என்கிறது. எனக்குக் கோணலே பிடிக்கும். பளிங்கில் அணுக்கள் வரிசையாக அடுக்கியிருப்பதால், அதில் படும் கதிர் குறிப்பிட்ட சில கோணங்களில் மட்டும் பலமாகத் திரும்பும். 1912இல் லாவே இதைக் கண்டார்; அடுத்த ஆண்டே பிராக் தந்தையும் மகனும் அதை அளவீட்டு முறையாக்கினர். 1916இல் டெபாயும் ஷெரரும் தூளை வைத்தே செய்யலாம் என்று காட்டினார்கள். ஆலைக்கு வேண்டியது அதுதான்: அரைத்த தூள்.

ஓல்போர்க்கின் மென்மையான சுண்ணம், மதுக்கரையின் கடினமான பளிங்குச் சுண்ணக்கல், காங்கேசன்துறையின் சுண்ணக்கல். கையில் எடுத்தால் மூன்றும் வெவ்வேறு. தூளாக்கிச் செப்பு எக்ஸ் கதிரில் வைத்தால் மூன்றிலும் உயர்ந்த கோடு 29.4 பாகையில் எழும், மூன்றும் கல்சைற்று என்பதால். ஆனால் தரங்கம்பாடிக் கடற்கரைச் சிப்பியை வைத்தால் கோடு 26 பாகைப் பக்கம் போய்விடும். இரசாயனம் அதே கல்சியம் காபனேற்றுத்தான்; அடுக்கு வேறு, பெயரும் அரகோனைற்று. காங்கேசன்துறை ஆலை 1950இல் தொடங்கி, போரில் 1990இல் நின்றுபோனது. அந்தக் கல்லின் வெடிப்புகளில்தான் யாழ்ப்பாணத்துக் கிணற்றுநீர் தேங்கியிருக்கிறது. கோணல் வரைபடத்தில் அது வராது.

இந்தக் கல்சைற்றுக்கு ஒரு டேனிய முன்கதையும் உண்டு. 1669இல் ராஸ்முஸ் பார்த்தொலின் கோப்பன்ஹேகனில் ஒரு ஐஸ்லாந்துப் பளிங்கின் ஊடாகப் பார்த்து, ஒரு பொருள் இரண்டாகத் தெரிவதை எழுதினார். அந்தப் பளிங்கும் கல்சைற்றே. சரியாக 300 ஆண்டுகள் கழித்து, 1969இல், நெதர்லாந்தின் ஹியூகோ ரீட்வெல்ட் தம் முறையை வெளியிட்டார். சீமெந்தின் முக்கியக் கனிமங்களின் கோடுகள் 32, 33 பாகைகளில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். அவர் முறை தனிக்கோடுகளைத் தேடாமல், முழு வரைபடத்தையும் கணித்துப் பொருத்திப் பார்க்கிறது. அவர் அதை நியூட்ரன்களுக்காகச் செய்தார். கணினி மலிந்த பிறகு சீமெந்து ஆலைகள் எடுத்துக்கொண்டன. இன்று சூளையிலிருந்து வரும் மாதிரியின் கனிம அளவு சில நிமிடங்களில் கிடைக்கிறது. அரைக்கும் ஆலையின் சூட்டில் ஜிப்சம் நீரிழந்துவிட்டதா என்பதும் தெரிகிறது. தெரியாமல் போனால் கலவை கரண்டியிலேயே பொய்யாக இறுகும். மேசனிடம் கேட்டால் அந்த எரிச்சலைச் சொல்வார்.

ஆனால் ஒழுங்கற்ற பொருளுக்குக் கூர்மையான கோடு இல்லை. டேனியக் கொங்கிரீற்றைப் பெரிதும் வதைத்தது அத்தகைய ஒரு பொருளே: கடல் சரளையிலுள்ள ஓப்பல் கலந்த தீக்கல். அது சீமெந்தின் காரத்தோடு சேர்ந்து வீங்கிப் பாலங்களைப் பிளந்தது. 1950களிலிருந்து அதை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் குன்னர் இடோர்ன். மெல்லிய வெட்டுகளை நுணுக்குக்காட்டியில் பார்ப்பதையே டேனியர் கலையாக வளர்த்தார்கள். எக்ஸ் கதிர் வந்துவிட்டதென்று கண்ணை மூடிக்கொள்ளாதது அவர்கள் கெட்டித்தனம்.

இப்போது சுமை வேறு. 100 கிராம் கல்சைற்றைச் சுட்டால் 44 கிராம் கரியமில வாயு போகும். டென்மார்க்கில் அதை அதிகம் வெளியிடும் ஆலை ஓல்போர்க்கினுடையது. 2021இல் அங்கே சந்தைக்கு வந்த சீமெந்தில் சுண்ணக்கல்லில் ஒரு பங்கு சுடாமலே சேர்கிறது, கூடவே சுட்ட களிமண். களி சரியாக வெந்ததா என்று பார்க்க அதே இயந்திரத்தில்தான் வைக்கிறார்கள். களிமண் கனிமங்களின் கோடுகள் அழிந்துபோயிருந்தால் வெந்துவிட்டது.