தாமான் நெகாராவின் நினைவுப் பொருள்கள்: அஞ்சல் தலையும் நாணயமும்

பண்டமாரானிலிருந்து தாமான் நெகாரா வெகு தொலைவு. நம்முள் பலர் அக்காட்டைக் கண்டதேயில்லை. ஆயினும் அதன் விலங்குகள் அஞ்சல் தலையில் ஏறி நம் முன்னோர் கைகளில் புழங்கின. அந்தச் சிறு பொருள்களின் வரலாற்றில் நமக்கும் ஒரு பங்குண்டு. ஓர் இழப்பும் உண்டு.

அக்காடே ஒரு நினைவுச் சின்னமாகப் பிறந்ததுதான். 1935-ஆம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் ஆட்சி வெள்ளி விழா நடந்தது. அதன் நினைவாகப் பகாங், கிளந்தான், திரெங்கானு ஆகிய மூன்று மாநிலங்களும் 1938, 1939-ஆம் ஆண்டுகளில் சட்டம் இயற்றி, மன்னர் பெயரிலேயே 4,343 சதுர கிலோமீட்டர் காட்டை ஒதுக்கின. விடுதலைக்குப் பின்னரே அது தாமான் நெகாரா ஆயிற்று. இதற்காக ஆண்டுக்கணக்கில் வாதாடியவர் தியடோர் ஹப்பேக். அவர் ரப்பர் தோட்டக்காரர், பெரும் வேட்டைக்காரரும்கூட. கோலாலம்பூர் இரயில் நிலையத்தை வடிவமைத்த ஹப்பேக் இவருடைய உடன்பிறந்தவர். காட்டை அழித்து எழுந்த தோட்டத் தொழிலிலிருந்தே காட்டின் காவலரும் வந்தார் என்பது எண்ணத்தக்கது.

ஆனால் புலி, பூங்காவிற்கு முந்தியே அஞ்சல் தலையில் ஏறிவிட்டது. 1890-களின் தொடக்கத்தில் சிலாங்கூர் முதலிய மலாய் மாநிலங்கள் பாயும் புலி பொறித்த தலைகளை வெளியிட்டன. பின்னர் ஐக்கிய மலாய் மாநிலங்களின் பொதுத் தலைகளிலும் அப்புலி தொடர்ந்தது. வெள்ளி மதிப்புடைய உயர்ந்த தலைகளில் யானைகள் இடம்பெற்றன. போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் 1901-இல் திறக்கப்பட்டது. அது முதல் ஏறத்தாழ முப்பதாண்டுக் காலம், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களிலிருந்து தமிழகம் சென்ற கடிதங்களைச் சுமந்தது இந்தப் புலிதான். 1935-இல் சிலாங்கூரின் புதிய தலைகளில் கிள்ளான் பள்ளிவாசல் இடம்பெற்றது, புலி விடைபெற்றது. 1957-இல் பத்துக் காசுத் தலையில் மீண்டும் வந்தது. தலையில் புலி பாய்ந்துகொண்டிருக்கையில் காட்டுப் புலி குறைந்துகொண்டே வந்தது. 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பு, தீபகற்பத்தில் எஞ்சியவை 150-க்கும் குறைவு என்றது.

சேகரிப்போர் வழக்கம் ஒன்றுண்டு. உறையிலிருந்து தலையைக் கத்தரித்து, நீரில் ஊறவைத்துப் பிரித்து, ஏட்டில் ஒட்டுவர். உறை குப்பைக்குப் போகும். அவ்வுறையில்தான் கிள்ளான் அஞ்சலக முத்திரையும், நாளும், தமிழில் நடுங்கும் கையெழுத்தில் ஊர்ப் பெயரும் இருந்தன. தோட்டப்புறத் தமிழர் தம் கையால் எழுதி விட்டுச்சென்ற சான்றுகள் மிகக் குறைவு. அவற்றுள் எத்தனையோ, ஒரு புலிப்படத்திற்காக அழிந்தன. முழு உறைக்கே மதிப்பு மிகுதி என்று தேர்ந்த சேகரிப்போர் இன்று சொல்வர். காலம் கடந்த அறிவுதான்.

நாணயக் கதை வேறு வகையானது. உலக வனவிலங்கு நிதியத்தின் பன்னாட்டுத் திட்டத்தை ஒட்டி மலேசியா 1976-இல் மூன்று நாணயங்களை வெளியிட்டது: 15 வெள்ளியில் காட்டெருது, 25 வெள்ளியில் இருவாச்சி, 500 வெள்ளிப் பொன் நாணயத்தில் தெனுக். முன்னிரண்டும் வெள்ளி உலோகத்தாலானவை. அன்றைய பால்மரத் தொழிலாளியின் மாதக் கூலி அந்தப் பொன் நாணயத்தின் முகமதிப்பைக்கூட எட்டாது. மொழியார்வலர்க்கு இங்கே ஒரு சுவையுண்டு. காட்டெருதைச் சங்கப் புலவர் ஆமா என்றனர். இருவாச்சி மேற்குத் தொடர்ச்சி மலைத் தமிழர்க்குப் பழகிய பறவை. தெனுக்கிற்கோ தமிழில் பழம்பெயர் இல்லை. தமிழ் நிலத்தில் அவ்விலங்கே இல்லை. மலாய்ப் பெயரையே எடுத்தாள்வதில் குறையொன்றும் இல்லை என்பது என் கருத்து.

புலி ஒட்டிய உறைகளை இங்கே தேடிப் பயனில்லை. அவை போய்ச் சேர்ந்த இடம் தஞ்சை, திருச்சி, சேலம் வட்டாரச் சிற்றூர்கள். அங்கே உறவு விட்டுப்போகாத குடும்பங்கள் இன்னும் நம்மிடையே உள்ளன. திருமணத்திற்கோ துக்கத்திற்கோ ஊர் செல்கையில், பழைய தகரப் பெட்டியின் அடியைப் பார்க்கச் சொல்லுங்கள். உறை கிடைத்தால் தலையைப் பிரிக்க வேண்டாம்.