வீட்டுக் கணினிக்கான இலவசப் பாதுகாப்பு மென்பொருள்

வீட்டுக் கணினிக்கான இலவசப் பாதுகாப்பு மென்பொருள் என்பது நச்சுநிரல், புழு, ஒற்றுநிரல், பணயத் தீநிரல் முதலிய தீநிரல்களிலிருந்து தனியாள் கணினியைக் காப்பதற்காக விலையின்றி வழங்கப்படும் மென்பொருள் ஆகும். நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருள், தீச்சுவர், ஒற்றுநிரல் நீக்கி ஆகியன இதில் அடங்கும். இவை யாவும் விலையற்றவையே எனினும் ஒரே வகையில் விலையற்றவை அல்ல. செலவை யார் ஏற்கின்றார், எதற்காக ஏற்கின்றார் என்பதைப் பொறுத்தே இவற்றின் தன்மை வேறுபடுகின்றது. இக்கட்டுரை இவற்றைத் தேர்ந்தெடுக்கும் முறையைத் தமிழ்நாட்டுச் சூழலில், சிறப்பாக விருதுநகர் மாவட்டத்துச் சிவகாசிப் பகுதியைக் கொண்டு விளக்குகின்றது. வீட்டுக் கணினியே தொழிற் கணினியாகவும் விளங்கும் ஊர் என்பதால் இச்சிக்கலின் எல்லா முகங்களையும் அங்கே காணலாம்.

சிவகாசியும் பென் டிரைவும்

சிவகாசி பட்டாசு, தீப்பெட்டி, அச்சு ஆகிய மூன்று தொழில்களுக்குப் பெயர் பெற்ற நகரமாகும். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் வேண்டிய லேபிள்களை அச்சிடுவதில் வளர்ந்த அச்சுத் தொழில் பின்னர் நாட்காட்டி, டைரி, நோட்டுப் புத்தகம், திருமண அழைப்பிதழ் என விரிந்தது. இவற்றுக்கான வடிவமைப்பு வேலை அச்சகங்களில் மட்டுமன்றி வீடுகளிலும் நடைபெறுகின்றது. பிள்ளைகள் பாடத்துக்குப் பயன்படுத்தும் அதே கணினியில் நாட்காட்டித் தாளும் பட்டாசுப் பெட்டி உறையும் வடிவமைக்கப்படுவதுண்டு.

வடிவமைத்த கோப்பு பென் டிரைவ் வழியே பிளேட் எடுக்கும் இடத்துக்குச் செல்லும். அங்குள்ள கணினியில் ஒரே நாளில் பலருடைய பென் டிரைவ்கள் செருகப்படும். ஒன்றில் நச்சுநிரல் இருந்தால் அது கணினிக்கும், அங்கிருந்து அடுத்து வரும் பென் டிரைவுக்கும் பரவும். 2000களின் நடுப்பகுதியில் இந்தியாவெங்கும் 'நியூ ஃபோல்டர்' என்ற பெயரில் அறியப்பட்ட நச்சுநிரல் இவ்வாறு பரவியதே ஆகும். அது கோப்புறையின் படவுருவைத் தாங்கி நிற்கும். கோப்புறை என எண்ணிச் சொடுக்கியவுடன் நிரல் இயங்கிவிடும்.

சொடுக்காமலேயே பரவிய புழுக்களும் இருந்தன. பென் டிரைவைச் செருகியவுடன் அதிலுள்ள 'ஆட்டோரன்' கோப்பைப் படித்து, அது சுட்டும் நிரலை இயக்க வழிசெய்யும் வசதி விண்டோஸ் எக்ஸ்பியில் இருந்தது. 2008 நவம்பரில் வெளிப்பட்ட கான்ஃபிக்கர் புழு பரவிய வழிகளுள் இதுவும் ஒன்று. 2009இல் வெளிவந்த விண்டோஸ் 7இல் பென் டிரைவுக்கு இவ்வசதி நீக்கப்பட்டது. எக்ஸ்பி, விஸ்டா ஆகியவற்றுக்கு 2011 பிப்ரவரியில் இற்றை வழங்கப்பட்டது. ஆயினும் படவுருவை மாற்றி ஏமாற்றும் முறைக்கு இதனால் தடையில்லை. விண்டோசில் கோப்புகளின் பின்னொட்டைக் காட்டும்படி அமைத்துக்கொள்வதே அதற்கு எளிய மாற்றாகும். கோப்புறை போல் தோன்றுவது '.இஎக்ஸ்இ' என முடிந்தால் அது கோப்புறை அன்று. இதற்கு மென்பொருள் எதுவும் தேவையில்லை.

சிவகாசி நாட்காட்டி அச்சகங்களில் புதிய ஆண்டுக்கான மாதிரி ஆல்பங்கள் ஆடிப்பெருக்கு நாளில் வெளியிடப்படுவது வழக்கம். அதன்பின் ஆண்டிறுதி வரை வேலை நெருக்கமாக இருக்கும். அக்காலத்தில் ஒரு கணினியின் கோப்புகள் அழிந்தால் ஒரு குடும்பத்தின் அவ்வாண்டு வருமானமே பாதிக்கப்படக்கூடும்.

இலவசத்தின் வகைகள்

முதல் வகை இயங்குதளத்துடனேயே வருவது. 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் புழு இணையத்தில் பரவிய பின்னர், 2004 ஆகஸ்டில் வெளியான எக்ஸ்பியின் இரண்டாம் சேவைப் பொதியில் தீச்சுவர் இயல்பாகவே இயங்கும்படி அமைக்கப்பட்டது. 2009 செப்டம்பரில் மைக்ரோசாப்ட் செக்யூரிட்டி எசென்சியல்ஸ் தனி மென்பொருளாக இலவசமாக வெளியிடப்பட்டது. 2012இல் விண்டோஸ் 8 முதல் 'டிஃபென்டர்' என்ற பெயரில் நச்சுநிரல் எதிர்ப்பு இயங்குதளத்தின் பகுதியாயிற்று. தொடக்கத்தில் சோதனைக் கூடங்களில் இது பின்தங்கியே இருந்தது. ஆயினும் அண்மை ஆண்டுகளில் செருமனியின் ஏவி-டெஸ்ட் சோதனைகளில் கட்டண மென்பொருட்களுக்கு இணையான மதிப்பெண்களைப் பெற்று வருகின்றது. இதன் செலவு விண்டோசின் விலையிலேயே அடங்கியுள்ளது.

இரண்டாம் வகை தனியார் நிறுவனங்களின் இலவசப் பதிப்புகள். ஏவிஜி, அவாஸ்ட், அவிரா ஆகியன 2000களில் இந்திய வீடுகளில் பரவலாக இருந்தன. கணினி இதழ்களுடன் வந்த குறுவட்டுகள் வழியாகவே பலரும் இவற்றைப் பெற்றனர். பயனர் கட்டணப் பதிப்புக்கு மாறுவார் என்ற எதிர்பார்ப்பே இவற்றின் அடிப்படை ஆகும். ஆனால் வருவாய்க்கு வேறு வழிகளும் உள்ளன. செக் நாட்டைச் சேர்ந்த அவாஸ்ட் நிறுவனம் தன் பயனர்களின் இணைய உலாவல் விவரங்களை 'ஜம்ப்ஷாட்' என்ற துணை நிறுவனம் வழியே விற்றமை 2020 ஜனவரியில் செய்திகளில் வெளியாயிற்று. அதனைத் தொடர்ந்து ஜம்ப்ஷாட் மூடப்பட்டது. 2024 பிப்ரவரியில் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் அவாஸ்டுக்கு 1.65 கோடி டாலர் செலுத்தும்படியும், விளம்பரத்துக்காக உலாவல் விவரங்களை விற்கக் கூடாது எனவும் விதித்தது. கணினியைக் காக்க நிறுவிய மென்பொருளே பயனரை வேவு பார்த்தது என்பது இத்துறையில் மறக்கத்தகாத நிகழ்ச்சியாகும்.

இவ்வகையில் உரிம நிபந்தனையும் கவனிக்கத்தக்கது. இத்தகைய இலவசப் பதிப்புகள் பெரும்பாலும் வணிகம் சாராத தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டுமே அனுமதி தருவன. கூலிக்கு லேபிள் வடிவமைக்கும் வீட்டுக் கணினி இவ்வரையறைக்குள் வருவது ஐயத்துக்குரியது. மாறாக, செக்யூரிட்டி எசென்சியல்ஸ் 2010 அக்டோபர் முதல் பத்துக் கணினிகள் வரை உள்ள சிறு தொழில்களுக்கும் அனுமதிக்கப்பட்டிருந்தது.

மூன்றாம் வகை கட்டற்ற மென்பொருள். கிளாம்ஏவி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. இதன் மூலநிரலை எவரும் பார்வையிடலாம். ஆனால் இது அஞ்சல் வழங்கிகளுக்கே மிகவும் ஏற்றது. இதனை அடிப்படையாகக் கொண்ட கிளாம்வின், கோப்பைத் திறக்கும் நேரத்திலேயே சோதிக்கும் வசதி அற்றது. பயனர் தாமே சோதனையை இயக்க வேண்டும். ஆகவே விண்டோஸ் கணினிக்கு இதனை மட்டும் நம்புதல் போதாது.

புதிய கணினியுடன் வரும் சோதனைப் பதிப்புகளை இலவச மென்பொருள் எனக் கொள்ளுதல் தவறு. காலக்கெடு முடிந்தபின் இவற்றின் இற்றை நின்றுவிடும். படவுரு மட்டும் திரையின் மூலையில் இருந்துகொண்டேயிருக்கும்.

அரசு வழங்கும் கருவிகள்

இந்தியக் கணினி அவசரநிலை எதிர்வினைக் குழுவான செர்ட்-இன், 2017 பிப்ரவரி 21 அன்று 'சைபர் சுவச்சதா கேந்திரா' என்ற மையத்தைத் தொடங்கியது. தீநிரலால் கைப்பற்றப்பட்ட கணினிகளை இணையச் சேவை நிறுவனங்கள் வழியே கண்டறிந்து உரியவருக்கு அறிவிப்பதும், நீக்கும் கருவிகளை இலவசமாகத் தருவதும் இதன் பணி. புனேயைச் சேர்ந்த குயிக் ஹீல், சென்னையைச் சேர்ந்த கே7 கம்ப்யூட்டிங் முதலிய நிறுவனங்களின் நீக்கிகள் இதன்வழி கிடைத்தன. இவை வந்த நோயைப் போக்குவன. தொடர்ந்து காவல் நிற்பன அல்ல.

சி-டாக் உருவாக்கிய இரு கருவிகளும் இம்மையத்தால் வழங்கப்பட்டன. 'யுஎஸ்பி பிரதிரோத்' கடவுச்சொல் இன்றிப் பென் டிரைவைத் திறக்க விடாது. 'ஆப்சம்வித்' முன்னரே ஒப்புதல் பெற்ற நிரல்களை மட்டுமே இயங்க விடும். கோரல் டிரா, பேஜ்மேக்கர், போட்டோசாப் என ஒரே மென்பொருட்களை ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தும் அச்சு வடிவமைப்பாளருக்கு இரண்டாவது முறை மிகவும் பொருந்தும். நாள்தோறும் புதிய விளையாட்டுகளை நிறுவும் பிள்ளைகள் உள்ள வீட்டில் அது நீடிக்காது.

லினக்சும் மடிக்கணினித் திட்டமும்

தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தை 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. இம்மடிக்கணினிகளில் விண்டோசுடன் பாஸ் லினக்சும் நிறுவப்பட்டிருந்தது. பாஸ் என்பது டெபியனை அடிப்படையாகக் கொண்டு சென்னை சி-டாக் உருவாக்கிய இயங்குதளமாகும். விண்டோசுக்காக எழுதப்பட்ட '.இஎக்ஸ்இ' நச்சுநிரல்கள் லினக்சில் இயல்பாக இயங்குவதில்லை. ஐயத்துக்குரிய பென் டிரைவை முதலில் லினக்சில் திறந்து, வேண்டாத கோப்புகளை நீக்கிய பின் விண்டோசில் பயன்படுத்தலாம். லினக்சுக்கும் தீநிரல்கள் உண்டு என்றாலும் வீட்டுக் கணினிகளில் அவை அரிதே.

தேர்ந்தெடுத்தல்

மென்பொருளின் பெயரைவிட இயங்குதளத்தின் இற்றையே முதன்மையானது. 2017 மே 12 அன்று உலகெங்கும் பரவிய வான்னக்ரை பணயத் தீநிரல் பயன்படுத்திய ஓட்டைக்கு, ஏறத்தாழ இரு மாதங்களுக்கு முன்னரே மார்ச் 14 அன்று மைக்ரோசாப்ட் திருத்தம் வெளியிட்டிருந்தது. அதனை நிறுவியிருந்த கணினிகளுக்குள் அவ்வோட்டை வழியே தீநிரலால் நுழைய இயலவில்லை. எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்றும், விண்டோஸ் 7க்கானது 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றும் முடிவுற்றன. பழைய அச்சு இயந்திரத்துக்கோ எழுத்துருவுக்கோ எக்ஸ்பியை விட இயலாதவர், அக்கணினியை இணையத்திலிருந்து துண்டித்து வைப்பதே தக்கது.

இற்றை கிடைக்கும் விண்டோசில் டிஃபென்டரே பெரும்பாலான வீடுகளுக்குப் போதுமானது. வேறொன்றை நிறுவ விரும்பினால் ஒன்றை மட்டுமே நிறுவ வேண்டும். இரண்டு ஒருங்கே காவல் நின்றால் ஒன்றையொன்று ஐயுற்றுக் கணினியை மந்தமாக்கும். பதிவிறக்கம் உருவாக்கிய நிறுவனத்தின் தளத்திலிருந்தே செய்யப்பட வேண்டும். 'உங்கள் கணினியில் 37 நச்சுநிரல்கள்' என உலாவியில் தோன்றி நிறுவச் சொல்பவை போலிகள்.

மென்பொருள் விழித்திருக்கின்றதா என அறிய ஐகார் சோதனைக் கோப்பு உதவும். 68 எழுத்துகளால் ஆன இக்கோப்பு தீங்கற்றது. எல்லா எதிர்ப்பு மென்பொருட்களும் இதனைக் கண்டவுடன் எச்சரிக்கும்படி உடன்பாடு உள்ளது.

திருட்டுப் பிரதி மென்பொருட்களுடன் வரும் 'கிராக்' நிரலை இயக்க எதிர்ப்பு மென்பொருளை நிறுத்திவைக்கச் சொல்வது பரவலான பழக்கம். அவ்வாறு நிறுத்தியபின் எது சிறந்த மென்பொருள் என்ற கேள்விக்கே பொருளில்லை.

மென்பொருளால் தடுக்க இயலாதவை

பணயத் தீநிரலால் மறைகுறியாக்கப்பட்ட கோப்புகளைப் பெரும்பாலும் மீட்க இயலாது. கணினியிலிருந்து கழற்றித் தனியே வைக்கப்படும் வன்வட்டில் எடுத்த படியே உதவும். கழற்றாத வன்வட்டும் சேர்ந்தே பூட்டப்படும்.

தீபாவளியை ஒட்டி, சிவகாசிப் பட்டாசு பாதி விலையில் கிடைக்கும் எனப் போலி இணையதளங்கள் தோன்றுகின்றன. இணையவழிப் பட்டாசு விற்பனைக்கு உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்று தடை விதித்தது. இப்போலித் தளங்கள் பற்றித் தமிழ்நாடு காவல்துறையின் இணையவழிக் குற்றப்பிரிவு 2024இல் எச்சரிக்கை வெளியிட்டது. இத்தகைய தளத்தில் நச்சுநிரல் எதுவும் இருப்பதில்லை. விலைப்பட்டியலும் பணம் செலுத்தும் குறியீடும் மட்டுமே இருக்கும் என்பதால் எதிர்ப்பு மென்பொருள் பெரும்பாலும் எச்சரிப்பதில்லை. பணம் இழந்தவர் 1930 என்ற தேசிய உதவி எண்ணில் உடனே முறையிட வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாற்றப்படுமுன் தகவல் சென்றால் அதனை முடக்கிவைக்க வாய்ப்புண்டு.