புரோக்கா பகுதி

புரோக்கா பகுதி என்பது பெருமூளையின் முன்மடலில், பெரும்பாலோருக்கு இடப்புறத்தில், கீழ் மடிப்பின் பின்பாகத்தில் அமைந்து, பேச்சை உருவாக்குவதில் பங்குகொள்ளும் புறணிப் பகுதி. புரோட்மன் வகைப்பாட்டில் இதன் எண்கள் 44, 45. வலக்கைப் பழக்கமுள்ளோரில் ஏறத்தாழ 95 விழுக்காட்டினருக்கு மொழிப்பணி இடப்பக்க மூளையையே பெரிதும் சார்ந்திருக்கிறது.

பிரெஞ்சு அறுவை மருத்துவர் பால் புரோக்காவின் பெயரால் இது வழங்குகிறது. 1861 ஏப்ரலில், பாரிஸை அடுத்த பிசேத்ர் மருத்துவமனையில், லெபோர்ன் என்ற 51 வயது நோயாளியை அவர் பரிசோதித்தார். பிறர் பேசுவது லெபோர்னுக்குப் புரிந்தது; ஆனால் எதைக் கேட்டாலும் 'டான்' என்ற ஓரசையே பதிலாக வந்தது. சில நாள்களில் அவர் இறந்தார். மூளையை எடுத்துப் பார்த்த புரோக்கா, இடது முன்மடலில் சிதைவைக் கண்டார். மொழித்திறனுக்கு மூளையில் இடம் உண்டு என்ற கருத்து வலுப்பெற்றது இதன் பிறகே. 1874-இல் கார்ல் வெர்னிக்கே, பேச்சைப் புரிந்துகொள்வதோடு தொடர்புள்ள பகுதியைப் பொட்டுமடலில் சுட்டினார்.

பக்கவாதத்தால் இப்பகுதியும் அதன் சுற்றுப்புறமும் பாதிக்கப்படும்போது புரோக்கா பேச்சிழப்பு தோன்றுகிறது. சொற்கள் தயங்கித் தயங்கி வரும். இலக்கண உருபுகள் உதிரும் அல்லது மாறும். யார் யாரைத் துரத்தினார் என்பதை வாக்கிய அமைப்பிலிருந்து மட்டுமே அறிய வேண்டிய இடங்களில் புரிதலும் தடுமாறும். சைகைமொழி பயன்படுத்தும் காதுகேளாதோரிடமும் இத்தகைய இழப்பு காணப்படுவதால், குறை நாவின் தசைகளில் இல்லை என்பது தெளிவு.

பேசத் திணறுவோர் சிலர் பழகிய பாடலைத் தடையின்றிப் பாடுவர். இதை அடிப்படையாகக் கொண்டு 1970களில் இசைவழிப் பேச்சுப் பயிற்சி உருவானது.

பாதுகாக்கப்பட்ட லெபோர்னின் மூளையை எம்.ஆர்.ஐ. கருவியில் ஆராய்ந்த முடிவுகள் 2007-இல் வெளிவந்தன. சிதைவு ஆழத்திலுள்ள நரம்பிழைக் கற்றைகள்வரை பரவியிருந்தது அப்போது தெரியவந்தது.