ஆணி இல்லாத படகும் தாத்தாவோட குழித்தறியும்

எங்க ஊர் அம்மையார்குப்பம். பேர்ல 'குப்பம்' இருக்கிறதால ஆபீஸ்ல புதுசா சேர்ற ஒவ்வொருத்தரும் "மீன் நல்லா கிடைக்குமா பாஸ்?"னு கேட்டுட்டாங்க. கடல் சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கு சாமிகளா! திருத்தணிக்கும் ஆந்திரா எல்லைக்கும் நடுவுல இருக்கிற நெசவு ஊர் இது. காலையில எழுப்பறது தறிச்சத்தம்தான். அப்பேர்ப்பட்ட ஊர்க்காரன் படகு பத்தி ஒரு பதிவு போடறேன். பொறுத்தருள்க. :-)

ஆரம்பிச்சது யூட்யூப்லதான். 'டாலி ஹோ'னு ஒரு பாய்மரப் படகு. 1910ல் இங்கிலாந்தில் கட்டினது. 1927ல் ஃபாஸ்ட்நெட் பந்தயம் ஜெயிச்சது. அப்புறம் எங்கெங்கோ சுத்தி, அமெரிக்காவில் ஒரு துறைமுகத்துல கேட்பாரில்லாம மக்கிக் கிடந்திருக்கு. லியோ சாம்ப்சன் கூல்டன் என்கிற இளைஞர் 2017ல் அதை வாங்கி, வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு கொட்டகையில வெச்சு வேலையை ஆரம்பிச்சு, 2024ல் தண்ணியில இறக்கினார். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உட்கார்ந்து பார்த்தேன்.

பார்த்து முடிச்சதும் ஒரு சந்தேகம். பழைய மரத்துல மிஞ்சினது ரொம்பக் கொஞ்சம். அடிமரம், விலா, பலகை எல்லாமே ஏறக்குறைய புதுசு. அப்படின்னா அவர் எதைத்தான் சீரமைச்சார்?

இந்தக் கேள்வி எனக்குச் சும்மா வரலை. எங்க வீட்டு முன்பக்கம் பைக் நிறுத்தற கொட்டகையில தாத்தாவோட கைத்தறி கழட்டிப் போட்டுக் கிடக்கு. அப்பா விசைத்தறிக்கு மாறினப்போ குழியை மூடி சிமெண்ட் பூசிட்டார். போன பொங்கலுக்கு வந்தப்போ அதை மறுபடி மாட்டிப் பார்க்கலாம்னு இறங்கினேன். அந்தக் கதைக்கு அப்புறம் வரேன். முதல்ல நம்ம கடற்கரைக்குப் போவோம்.

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கம்பெனிக்காரன் காலத்துல கப்பல் எல்லாம் ஆழக்கடல்லயே நங்கூரம் போட்டுடும். அங்கிருந்து கரைக்கு வர நடுவுல வரிசையா அலை. வெள்ளைக்காரனோட ஆணி அடிச்ச படகு அந்த அலையில தூக்கி மணல்ல அடிச்சா பிளந்துடும். அதனால கவர்னர்லேர்ந்து கருவாட்டு மூட்டை வரைக்கும் கரை இறங்கினது நம்மாளுங்க ஓட்டின 'மசூலா' படகுலதான். தமிழ்ல சலங்குன்னும் சொல்வாங்க. புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு படிச்சவங்களுக்கு இந்த வார்த்தை பழக்கம்.

இதுல ஒரு ஆணி கூட இல்லை. பலகையை விளிம்போடு விளிம்பு வெச்சு, ஓரத்துல துளை போட்டு, இடுக்குல நார் அடைச்சு, தேங்காய் நார்க் கயிறால தைச்சுட்டாங்க. உள்ள விலாச்சட்டமும் கிடையாது. அதனால மணல்ல மோதினா உடையாம, கூடை மாதிரி நெளிஞ்சு கொடுக்கும். திரிகோணமலை கடற்படைத் தளத்தில் கப்பல் கட்டும் தலைவரா இருந்த ஜான் எடி, 1834ல் வெளியான கட்டுரையில் இதை அளந்தே எழுதி வெச்சிருக்கார். 30லேர்ந்து 35 அடி நீளம், 10 அடி சொச்சம் அகலம். பின்னாளில் சென்னை மாகாண மீன்வளத் துறையை நடத்திய ஜேம்ஸ் ஹார்னெலும் 1920ல் இந்தியப் படகுகள் பத்தி விரிவா எழுதினார்.

ஆனா தைச்ச படகுக்கு ஒரு செலவு உண்டு. கயிறு உப்புத்தண்ணியில நைஞ்சு போகும். அப்பப்போ பிரிச்சு, கெட்டுப்போன பலகையை மாத்தி, புதுக் கயிறு போட்டுத் தைக்கணும். அதாவது டாலி ஹோவுக்கு நூறு வருஷம் கழிச்சு நடந்தது, நம்ம கடற்கரையில வாடிக்கையா நடந்த வேலை. 'சீரமைப்பு'ன்னு யாரும் அதுக்குப் பேர் வைக்கலை. தைக்கத் தெரிஞ்சவன் பக்கத்துலயே இருந்தான், அவ்வளவுதான்.

1861ல் கடலுக்குள்ள இரும்புத் தூண் நட்டு ஒரு பாலம் போட்டாங்க. 1875ல் துறைமுகத்துக்கு அடிக்கல். 1881 நவம்பர் புயல் அதை அடிச்சு நொறுக்கியும் விடலை, திரும்பக் கட்டினாங்க. கப்பல் நேரா துறைமுகச் சுவர்கிட்டயே வந்தப்புறம் மசூலாவுக்கு என்ன வேலை? கரைவலை இழுக்கிறவங்க கையில கொஞ்ச காலம் தங்கி, அப்புறம் ஃபைபர் படகுக்கு இடத்தை விட்டுடுச்சு. இன்னிக்கு மெரினாவுல நீங்க தேடினாலும் கிடைக்காது.

சரி, தையல் வித்தை செத்துப்போச்சா? இல்லை. இங்கதான் மேட்டர்.

1980ல் டிம் செவரின் என்கிற எழுத்தாளர், சிந்துபாத் போன வழியில போய்ப் பார்க்கணும்னு ஓமன்ல 'சோஹார்'னு ஒரு தைத்த கப்பல் கட்டினார். ஓமன்ல கப்பல் கட்டறவங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனா தைக்கிறதுக்கு ஆள் வேணும். லட்சத்தீவு அகத்தியிலேர்ந்து கயிறு வேலைக்காரங்களைக் கூட்டிட்டுப் போனார். ஏறக்குறைய 400 மைல் நீளக் கயிறு! கப்பல் 1981ல் சீனாவின் கேண்டன் போய்ச் சேர்ந்தது. அடுத்து 'ஜுவல் ஆஃப் மஸ்கட்'. இந்தோனேஷியாவில் பெலித்துங் தீவுப் பக்கம் மூழ்கிக் கிடந்த ஒன்பதாம் நூற்றாண்டுக் கப்பலைப் பார்த்து ஓமன்லயே செஞ்சு, 2010ல் சிங்கப்பூருக்கு ஓட்டிட்டுப் போனாங்க. அதுலயும் தைச்சவங்களில் கேரளாக்காரங்க உண்டு.

மூணாவது நம்ம கடற்படையோட 'கௌண்டின்யா'. கைவசம் இருந்த ஆதாரம் என்ன தெரியுமா? அஜந்தா குகையில ஒரு ஐந்தாம் நூற்றாண்டு ஓவியம். வரைபடம் இல்லை, அளவு இல்லை. எங்க பொட்டி தட்டற பாஷையில சொன்னா, டாக்குமென்ட்டும் கிடையாது, சோர்ஸ் கோடும் கிடையாது, ஒரே ஒரு ஸ்க்ரீன்ஷாட். கடற்படை உருவத்தை வடிவமைச்சுது. நம்ம சென்னை ஐ.ஐ.டி. கடல்சார் பொறியியல் துறையில மாதிரி செஞ்சு தண்ணியில சோதிச்சாங்க. 2023 செப்டம்பர்ல கோவாவில் அடிமரம் வெச்சாங்க. தைச்சது கேரளாவின் பாபு சங்கரன் தலைமையில ஒரு குழு. 2025 மே 21 அன்று கார்வார்ல கடற்படையில் சேர்ந்த இந்தக் கப்பல், இன்ஜின் இல்லாம வெறும் பாயை விரிச்சு, டிசம்பர் 29 போர்பந்தர்ல கிளம்பி, 2026 ஜனவரி 14 மஸ்கட் போய்ச் சேர்ந்தது.

மூணு கப்பலையும் வரிசையா வெச்சுப் பாருங்க. மரம் புதுசு, கயிறு புதுசு, கட்டின ஊரும் வேற வேற. பழசா இருந்தது ஒண்ணே ஒண்ணுதான், முடிச்சுப் போடத் தெரிஞ்ச கை. அதைக் கடன் வாங்க ஒவ்வொரு தடவையும் அரபிக்கடல் பக்கம் போக வேண்டியிருந்தது. சோழமண்டலக் கரையில் ஆயிரக்கணக்கான தடவை போட்ட முடிச்சுக்கு, எடியும் ஹார்னெலும் எழுதின பக்கம் இருக்கு. சென்னைக் கரையில கைதான் இல்லை.

இப்போ கொட்டகைக்கு வரேன். தறிச்சட்டத்தை நாலு நாள்ல நிமிர்த்திட்டேன். உளுத்துப் போன ரெண்டு கட்டையை ஆசாரிகிட்ட கொடுத்து மாத்தியாச்சு. இன்ஜினியரிங் படிச்ச திமிர், படம் எடுத்து ஸ்டேட்டஸ்ல கூடப் போட்டாச்சு. ஆயா திண்ணையில உட்கார்ந்து பார்த்துட்டே இருந்தாங்க. கடைசியா கேட்டாங்க, "சட்டம் சரி நைனா. விழுது யாரு கட்டுவா?"

பாவு நூல் ஒவ்வொண்ணும் ஒரு விழுது வழியா போகணும். அது இல்லைன்னா தறி வெறும் மரக்கட்டை. தாத்தா இல்லை. அப்பாவுக்கு மறந்துபோச்சு. அந்த வீட்டுல தெரிஞ்சவங்க ஆயா மட்டும்தான், அவங்களுக்கு ஒரு கண்ணுல பார்வை மங்கல். நூலை எடுத்துக் கொடுத்தேன். பார்க்காமலே விரல்லயே அளந்து கட்ட ஆரம்பிச்சாங்க. நான் அவசரமா போனை எடுத்து வீடியோ பிடிச்சேன்.

ரெண்டு நிமிஷம் பொறுத்தாங்க. "அதை வெச்சிட்டு இப்படி உக்காரு"ன்னாங்க.

அன்னிக்கு நான் கட்டினது பதினோரு விழுது. அதுல ஏழை ஆயா பிரிச்சுட்டாங்க.

டிஸ்கி: உங்க ஊர்ல, உங்க வீட்டுல, இப்படி ஒரே ஒருத்தர் கையில மட்டும் மிச்சம் இருக்கிற வேலை எதாவது இருந்தா, அடுத்த லீவுக்குப் போய்ப் பக்கத்துல உட்காருங்க. வீடியோ அப்புறம் எடுத்துக்கலாம்.