கண்டாங்கி முதல் மழைக்கோட்டு வரை: துணியில் ஒட்டிய நஞ்சின் கதை

1/
காரைக்குடி பக்கம் வர்றவங்க கண்டாங்கி சேலை வாங்காம போறது அபூர்வம். 2019ல் புவிசார் குறியீடு பெற்ற சேலை. அரக்கு நிறத்தைப் பார்த்ததும் விலை கேட்போம். என்ன சாயம், சாயத்தண்ணி எங்கே போச்சுன்னு கேட்டிருக்கோமா? எந்தத் துணிக்கும் கேட்க வேண்டிய கேள்வி இது. இதற்கு 100 வருஷத்துக்கும் மேலான வரலாறு இருக்கு.

2/
1856ல் லண்டனில் வில்லியம் பெர்க்கின் மலேரியாவுக்கான கொயினா மருந்தைச் செய்யப் போனார். கிடைத்ததோ ஊதாச் சாயம். செயற்கைச் சாயத் தொழில் அங்கிருந்துதான் வளர்ந்தது.

3/
1895ல் பிராங்க்பர்ட் நகர அறுவை சிகிச்சை மருத்துவர் லுட்விக் ரென், சாயத் தொழிற்சாலையில் வேலை பார்த்த 3 பேருக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி இருப்பதைக் கவனித்துச் சொன்னார்.

4/
சாயத்தைத் தொட்டவருக்கு ஏன் சிறுநீர்ப்பையில் புற்றுநோய்? பென்சிடின் போன்ற அமீன்கள் தோல், மூச்சு வழியா உடம்புக்குள் போகும். கல்லீரல் மாற்றி அனுப்பும். கடைசியில் சிறுநீரோடு சேர்ந்து பையில் மணிக்கணக்கில் தங்கும். சில அசோ சாயங்கள் உடைந்தாலும் இதே அமீன்கள்தான் வரும்.

5/
இப்படிப்பட்ட அசோ சாயத் துணிகளுக்கு 1994ல் ஜெர்மனி தடை போட்டது. இந்தியாவும் 42 பென்சிடின் சாயங்களோடு, 1997ல் மேலும் 70 அசோ சாயங்களைத் தடை செய்தது. உடுத்துகிறவருக்குப் பாதுகாப்பு கிடைத்தது. ஆற்றுக்கு?

6/
நொய்யலில் 1992ல் ஒரத்துப்பாளையம் அணை கட்டினாங்க, பாசனத்துக்காக. தேங்கியதோ திருப்பூர் சாயக்கழிவு. அணையைத் திறக்காதீங்கன்னு விவசாயிகளே கெஞ்சும் நிலைமை. சும்மா இருக்கல அவங்க, கோர்ட்டுக்குப் போனாங்க. 2006ல் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக்கூடாது என்றது சென்னை உயர் நீதிமன்றம். சொன்னபடி நடக்காததால், 2011 ஜனவரியில் 700க்கும் மேற்பட்ட சாய ஆலைகளை மூடச் சொன்னது. பல தொழிலாளிகளின் பிழைப்பும் போச்சு. நியாயத்துக்கும் ஒரு விலை உண்டு, அதை எளியவங்கதான் கட்டினாங்க.

7/
அதே 2011ல் கிரீன்பீஸ் அமைப்பு ஆடை நிறுவனங்களுக்கு எதிரா 'டீடாக்ஸ்' இயக்கம் தொடங்கியது. பிறகு மலையேறுவோர் போடும் மழைக்கோட்டு பக்கம் திரும்பியது. தண்ணி ஒட்டாமல் உருண்டு ஓட அதில் பூசுவது பிஎஃப்ஏஎஸ் வகை ரசாயனம். லேசில் அழியாது. ஆள் நடமாட்டம் இல்லாத மலைகளின் பனியிலும் அது கிடைத்ததாக 2015ல் அறிக்கை வந்தது. 2017ல் கோர்-டெக்ஸ் துணி தயாரிக்கும் நிறுவனம் படிப்படியாகக் கைவிடுவதாக ஒப்புக்கொண்டது. இவற்றில் ஒன்றான பிஎஃப்ஓஏ, புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என 2023ல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது.

8/
பயந்து சேலையைத் தூக்கிப் போடாதீங்க. போட்டுக்கொள்பவரைவிட, செய்கிறவருக்கும் ஆற்றோரம் குடியிருப்பவருக்கும்தான் ஆபத்து அதிகம். புதுத்துணியை அலசிட்டு உடுத்துங்க. மழைக்கோட்டு வாங்கும்போது பிஎஃப்ஏஎஸ் இல்லாததா என்று கேளுங்க. சாயப்பட்டறையில் வேலை பார்க்கிறவருக்குச் சிறுநீரில் ரத்தம் தெரிந்தால், வலி இல்லைன்னு விட்டுடாதீங்க. அன்றைக்கே டாக்டரைப் பாருங்க, என்ன வேலைன்னும் மறக்காமல் சொல்லுங்க.